கழற்றாத வளையல்கள்

யோகம்மா கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்து மேசைமேல் விரித்தாள். உள்ளே இரண்டு வளையல்கள். பொன் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கரி படிந்திருந்தன, ஒன்று நெளிந்திருந்தது.

“ஆஸ்பத்திரில கழட்டிக் குடுத்தாங்க. என் மக கையில கிடந்தது” என்றாள்.

கெப்பாலா பத்தாஸில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடு அது. சனிக்கிழமை காலை, அருந்ததி இறந்து எட்டாம் நாள். வயல்களுக்கு நடுவே இருக்கும், எண்ணெய் தரும் செம்பனைக்கான ஆராய்ச்சி நிலையத்தில் அவள் ஏழு வருடம் லேப் அசிஸ்டண்டாக வேலை பார்த்தாள். போன வாரம் வெள்ளிக்கிழமை, 1989 ஜூலை பதினான்காம் தேதி மத்தியானம், செம்பனைத் திசுவைக் கண்ணாடி ஜாடிகளில் வளர்க்கும் அறையில் தீப்பிடித்தது. அருந்ததி உள்ளே இருந்தாள். வயது இருபத்தொன்பது.

எதிரே உட்கார்ந்திருந்த விஸ்வலிங்கம் வளையல்களைத் தொடாமல் குனிந்து பார்த்தார். போலீஸ் தலைமையகத்தில் இருபத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்து, மற்றவர்கள் துப்பறிந்ததையெல்லாம் டைப் அடித்துச் சலித்துப்போய், ஜார்ஜ்டவுன் லெபு பாசார் தெருவில் துணிக்கடை மாடி ஒன்றில் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவர். பக்கத்தில் அவருடைய உதவியாளர் குணவதி. பைராம் தோட்டத்துப் பெண். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ஆறு வருடம் மைக்ராஸ்கோப்புக்குள் பார்த்துப் பார்த்து, தடித்த கண்ணாடியோடு வெளியே வந்தவள். கண்ணைத்தான் ஃபேக்டரி எடுத்துக்கொண்டது, வாயை அவளிடமே விட்டுவிட்டது.

“ரிப்போர்ட்ல என்னம்மா போட்டிருக்காங்க?” என்று கேட்டார் விஸ்வலிங்கம்.

“கையில ஸ்பிரிட் துடைச்சா, காயறதுக்குள்ள விளக்கைப் பத்த வெச்சிட்டா, கவனக்குறைவு.” கடைசிச் சொல்லை அவள் கசப்பு மருந்துபோல் விழுங்கிச் சொன்னாள். “ஏழு வருசத்துல ஒரு ஜாடி உடைச்சதில்ல அவ. செத்ததுக்கு நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. அந்த ஒரு வார்த்தையை எடுக்கணும். அவ கவனக்குறைவா செத்தாளா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

“அம்மா, விடுங்கம்மா” என்றது ஜன்னலோரக் குரல். “போனவ போயிட்டா. இதைக் கிளறி என்ன ஆகப்போகுது?”

அது ஆனந்தராஜா, அருந்ததியின் அண்ணன். அதே நிலையத்தில் நாற்றுப் பண்ணைக்குச் சூப்பர்வைசர். விரல் நுனியிலிருந்து முழங்கைவரை இரண்டு கைகளிலும் வெள்ளைக் கட்டு. எரியும் அறைக்குள் பாய்ந்து தங்கையை வெளியே இழுத்து வந்தவன் அவன்தான். பத்திரிகையில் படம்கூட வந்திருந்தது.

“வழக்கமா வெள்ளிக்கிழமை மத்தியானம் அவங்க எங்க இருப்பாங்க, தம்பி?” என்றார் விஸ்வலிங்கம்.

“கோயில்ல சார். நான்தான் மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுவேன். அன்னைக்கு வேலை இருக்கு, வரலைன்னு சொல்லிட்டா.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “வந்திருந்தா உயிரோட இருந்திருப்பா.”

“எல்லாமே அன்னைக்குத் தப்பாத்தான் நடந்துச்சு” என்றாள் யோகம்மா. “வெள்ளிக்கிழமை சாமி விளக்கு அவதான் ஏத்துவா. அன்னைக்கு நான் ஏத்தினேன். அதனாலதான் இப்படி ஆச்சோன்னு மனசு போட்டு அடிச்சிக்குது.”

விளக்கு யார் ஏற்றினால் என்ன என்று விஸ்வலிங்கம் ஆறுதலாக ஏதோ சொன்னார். குணவதியின் கண் வளையல்கள்மேலேயே இருந்தது. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

பழைய டட்சன் காரில் ஏறியதும்தான் அவள் பேசினாள்.

“அண்ணே, அந்த வளையல் சரியில்ல.”

“ஏன்?”

“நாங்க ஃபேக்டரியில கிளீன் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், பொட்டு, பூ எல்லாத்தையும் கழட்டிடணும். ஒரு வாட்டி மறந்து வளையலோட போனேன். சூப்பர்வைசர் என்னை ஒரு வாரம் திட்டினா. சிப் செய்யற ரூமுக்கே அப்படின்னா, உயிர் வளக்கிற ரூமுக்கு?”

“அவசரத்துல மறந்திருப்பா.”

“ஏழு வருசத்துல ஒரு ஜாடி உடைக்காதவ.”

விஸ்வலிங்கம் கியரை மாற்றினார்.

ஆராய்ச்சி நிலையத்தின் வாசலில் காவல்காரர் ஹபீப் முகம்மது நாற்காலியிலிருந்து எழுந்தார். யோகம்மா அனுப்பினாள் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. எரிந்த கட்டடத்துக்கு அவரே அழைத்துப் போனார்.

“வெள்ளிக்கிழமை தொழுகைக்காகப் பன்னெண்டே காலுக்கு ஆபீஸ் அடைச்சா, ரெண்டே முக்காலுக்குத்தான் தொறக்கும். நானும் பள்ளிவாசல் போயிட்டேன் சார். ஒரு ஈ காக்கா இருக்காது. திரும்பி வரும்போது பாத்தா ஒரே புகை. ஆனந்தராஜா தம்பி அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து புல்லுல போட்டுட்டுக் கத்துறான். அந்தக் கத்தலு இன்னும் காதுல இருக்கு.”

“அந்தப் பொண்ணு உள்ள எந்த இடத்துல கிடந்தாங்களாம்?”

“பின்பக்க ஷெல்ஃபு கிட்ட. ஒரு டிரே ஜாடியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்துச்சாம். ஜாடியெல்லாம் சூட்டுல வெடிச்சுப் போச்சு.”

“ஸ்பிரிட் விளக்கு எங்க இருக்கும்?”

“இந்தா, இந்த முன் மேசையில.”

மேசைக்கும் ஷெல்ஃபுக்கும் இடையில் முப்பது அடி இருந்தது. கையில் தீப்பிடித்தவள் கதவுப் பக்கம் ஓடுவாள், ஜாடிகள் பக்கம் ஓடமாட்டாள்.

அறைக்கு வெளியே தாழ்வாரத்துச் சுவரில் ஒரு பலகை தப்பித்திருந்தது. அதில் காலி ஜாடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. நோர்மா, சித்தி ஆயிஷா, அருந்ததி.

“இது என்ன பாய்?”

“பொம்பளைப் பிள்ளைங்க வளையல், மோதிரம் கழட்டிப் போடறது. போட்டுட்டுத்தான் உள்ள போகணும். அருந்ததிதான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்துச்சு. அது வளையல் உள்ள விழற சத்தம் கேட்டா, காலையில எட்டு மணின்னு அர்த்தம்.”

அருந்ததியின் ஜாடி காலியாக இருந்தது.

குணவதி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப வைத்தாள். “மறதி இல்லண்ணே. வேலை செய்யப் போகல அவங்க. வெளியே போயிருந்து திரும்பி வந்திருக்காங்க. வரும்போதே தீ எரிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. வளையல் கழட்ட நேரமில்லாம உள்ள ஓடியிருக்காங்க.”

“அப்படின்னா விளக்கைப் பத்த வெச்சது அவங்க இல்ல.”

“யாரோ கொளுத்தியிருக்கான்.”

டைரக்டர் டாக்டர் சந்திரசேகரன் சனிக்கிழமை அரை நாள் வேலைக்கு வந்திருந்தார். சுவரில் அமைச்சரோடு கை குலுக்கும் படம். மேசையில் தாள்கள் ஒரு மூலைகூட நகராமல் அடுக்கப்பட்டிருந்தன.

“டெரிபிள் டிராஜடி” என்றார். “எங்க பெஸ்ட் கேர்ல் அவ. ஆனா பாருங்க, ஒரு நிமிசம் கேர்லெஸ், அஞ்சு வருச ரிசர்ச் போச்சு.”

“அரசாங்கப் பணம் இல்லையா, டாக்டர்? மேல கேள்வி கேப்பாங்களே?”

“கேப்பாங்கதான். திட்டத்தோட கண்டிஷன் அப்படி. அஞ்சாவது வருசம் ஜாடியில வளத்த பத்தாயிரம் குளோன் கன்னு காட்டணும். காட்டலைன்னா புராஜெக்ட் குளோஸ், கான்டிராக்ட் ஸ்டாஃப் எல்லாரும் வீட்டுக்கு. மதிப்பீட்டுக் குழு போன திங்கக்கிழமை வர்றதா இருந்துச்சு. இப்ப போஸ்ட்போன். நல்லவேளை, நாற்றுப் பண்ணைக்கு ஒண்ணும் ஆகல. பத்தாயிரம் கன்னும் சேஃப். லேப்தான் போச்சு.”

அந்தக் கண்டிஷனை எழுதியவர் கோலாலம்பூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஒரு திசு எத்தனை மாதத்தில் வேர் விடும் என்று அவர் யாரையும் கேட்டிருக்கமாட்டார். அரசாங்கத்துக்கு எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரத்தான் செய்யும், கன்று வருமா என்பது வேறு விஷயம்.

விஸ்வலிங்கத்தின் கண் மேசைமேல் இருந்த ஒரு விண்ணப்பப் பாரத்தில் நின்றது. தலைகீழாக இருந்தாலும் அவருக்குப் படிக்க வந்தது. கிளார்க்குகளுக்கு எல்லாத் திசையிலும் படிக்க வரும்.

“அது என்ன பாரம், டாக்டர்?”

“கால நீட்டிப்பு விண்ணப்பம். தீ, வெள்ளம் மாதிரி விபத்துன்னா ரெண்டு வருசம் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்க. ரூல்ஸ்ல இருக்கு.”

“கோலாலம்பூர்ல கேட்டு வாங்கணும் போல.”

“ஆமா, தபால்ல வரும்.”

விஸ்வலிங்கம் நன்றி சொல்லி எழுந்தார். வெளியே வந்ததும் நடையை நிறுத்தினார்.

“குணவதி, அரசாங்க ஆபீஸ்ல ஒரு தாள் உள்ள வந்தா முதல் வேலை என்ன?”

“யாரு பாக்கணும்னு ரெண்டு நாள் சண்டை போடுவாங்க.”

“அதுக்கும் முன்னாடி. ‘டிதெரிமா’, அதான் ‘பெறப்பட்டது’ன்னு நீல முத்திரை, சாப் அடிச்சுத் தேதி போடுவாங்க. அந்த பாரத்துல சாப் இருக்கு. ஜூலை பதினொண்ணு, செவ்வாய்க்கிழமை. தீ வெள்ளிக்கிழமைதானே?”

குணவதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். “அடேங்கப்பா. விபத்து வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே விண்ணப்பம் வந்து காத்திருந்துச்சா!”

நாற்றுப் பண்ணை கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது. கறுப்புப் பைகளில் பச்சைக் கன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை. ஒவ்வொரு பையிலும் குளோன் எண் எழுதிய அட்டை. குணவதி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். அவள் அம்மா பைராம் தோட்டத்தில் நாற்று மேட்டில் வேலை செய்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் குணவதி போய் நிற்கும் இடம் அதுதான். அவள் சட்டென்று குனிந்து ஒரு கன்றை மண்ணோடு பிடுங்கிவிட்டாள்.

“ஏய்! அரசாங்கச் சொத்து!”

“இருங்கண்ணே. ஜாடியில திசுவுல இருந்து வளந்த கன்னுக்குக் கொட்டை இருக்குமா?”

“எப்படி இருக்கும்? அது விதையில இருந்தா வந்துச்சு?”

அவள் வேர்களை உதறினாள். தண்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் கறுப்பாய், கெட்டியாய், சுண்டுவிரல் அளவில் ஒரு கொட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. விதையிலிருந்து முளைத்த செம்பனைக் கன்று எதுவானாலும் மாதக்கணக்கில் அந்த ஓட்டைச் சுமந்துகொண்டுதான் நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது அடையாளம்.

இன்னும் ஒன்பது பைகளில் கன்றைப் பிடுங்கினாள். எட்டில் கொட்டையைக் கிள்ளி எடுத்த வடு இருந்தது. இன்னொன்றில் கிள்ள மறந்திருந்தார்கள்.

“எங்கேயோ தோட்டத்துல இருந்து லாரியில கொண்டாந்து இறக்கின கன்னு. பத்தாயிரம் கொட்டையை உக்காந்து கிள்ளியிருக்கான் ஒருத்தன். பாவம், நகம் போயிருக்கும்.”

“இதை ஃபோட்டோ புடிச்சு மேல அனுப்பியிருக்காங்க” என்றார் விஸ்வலிங்கம். “ஆனா குழு நேர்ல வந்தா கன்னை மட்டுமா பாப்பாங்க? ஜாடி ரூமைத் திறக்கச் சொல்வாங்க. அங்க எத்தனை ஜாடி இருந்திருக்கும்? ஒரு டிரே. அதுதான் உண்மையான குளோன். அருந்ததி அஞ்சு வருசம் காப்பாத்தினது.”

“அதைத்தான் கட்டிப் பிடிச்சிருக்காங்க” என்றாள் குணவதி. அவள் குரலில் கேலி போயிருந்தது. கன்றைத் திரும்பப் பையில் வைத்து மண்ணை அழுத்தினாள். “அண்ணே, இந்த நாற்றுப் பண்ணைக்கு யாரு சூப்பர்வைசர்?”

இருவருக்கும் தெரிந்த பதில் அது.

“அவன் தங்கச்சியைக் கொல்லுவானா?” என்றார் விஸ்வலிங்கம். “கையைப் பாத்தல்ல. அந்தக் காயம் நடிப்பில்ல.”

“இல்லண்ணே. ஆனா வளையலோட வந்தவங்க எங்கேயோ போயிட்டுத்தானே வந்திருக்காங்க? அவரு, தங்கச்சி வெளியே போகவே இல்லன்னு சொன்னாரு. வாங்க, கோயிலுக்குப் போவோம்.”

கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தவள் பெயர் தனலெட்சுமி. நடை சாத்தியிருந்தது. மீந்த மல்லிகையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அருந்ததி பெயரைக் கேட்டதும் கை நின்றது.

“அந்தப் பொண்ணா? எப்படி மறப்பேன்? அன்னைக்கும் வந்துச்சே.”

“போன வாரம் வெள்ளிக்கிழமையா?” என்றார் விஸ்வலிங்கம்.

“ஆமாங்க. பன்னெண்டரை இருக்கும். அண்ணன்காரன் மோட்டார்ல கொண்டாந்து இறக்கிட்டுப் போனான். வழக்கமா ஒரு முழம் வாங்கும். அன்னைக்கு நான் எடுத்து நீட்டினேன். ‘வேணாங்க்கா, அடுத்த வாரம்’னுச்சு. மொதப் படியில ஏறி நின்னுச்சு. அண்ணன் மோட்டார் திரும்பிப் போறவரைக்கும் பாத்துச்சு. அப்புறம் இறங்கி வெளியவே நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போயிருச்சு.”

“உள்ள போகலையா? ஏன்?”

தனலெட்சுமி விஸ்வலிங்கத்தைப் பார்த்தாள், பிறகு குணவதியைப் பார்த்தாள், பிறகு பூவைச் சுற்ற ஆரம்பித்தாள்.

குணவதி அவரைக் காரருகே இழுத்து வந்தாள்.

“அண்ணே, காலையில அவங்கம்மா என்ன சொன்னாங்க? வெள்ளிக்கிழமை விளக்கு அவ ஏத்துவா, அன்னைக்கு நான் ஏத்தினேன்னாங்க. வயசுப் பொண்ணு விளக்கும் ஏத்தல, பூவும் வாங்கல, கோயில் வாசல்வரைக்கும் வந்து உள்ளயும் போகலைன்னா என்ன அர்த்தம்? எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவா. அன்னைக்கு அவங்க வீட்டுக்குத் தூரம்.”

விஸ்வலிங்கம் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். “அண்ணன்கிட்ட அதை எப்படிச் சொல்லுவா?”

“சொல்லமாட்டாங்கல்ல? வா போலாம்னு அண்ணன் மோட்டாரை எடுத்துட்டா ஏறி உக்காந்துதான் ஆகணும். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். படியில நின்னு அண்ணன் போறவரைக்கும் பாத்துட்டு, பஸ் புடிச்சு லேப்புக்கே திரும்பியிருக்காங்க.”

வெயில் காரின் தகரத்தைக் கொதிக்க வைத்திருந்தது, அவருக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை. தங்கை பத்திரமாகக் கோயிலுக்குள் இருக்கிறாள் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஒருவன் திரும்பிப் போயிருக்கிறான். அந்த நிச்சயம்தான் அவளைக் கொன்றது.

அவர்கள் திரும்பியபோது யோகம்மா மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்து, முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை வாயைத் திறந்துகொண்டிருந்தான். பருப்பும் சோறும் பிசைந்து உருட்டி வைத்திருந்தாள்.

“சொல்லுங்க” என்றாள், உருண்டையைக் கையில் வைத்தபடி. “என் மக கவனக்குறைவா?”

“இல்லம்மா” என்றார் விஸ்வலிங்கம். “சத்தியமா இல்ல. அவ வெளியே போயிட்டு வந்திருக்கா. அறை எரியறதைப் பாத்துட்டு, தான் வளத்த ஜாடிகளை எடுக்க உள்ள ஓடியிருக்கா. அந்த வார்த்தையை நான் எடுக்க வைக்கிறேன்.”

யோகம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. முகத்தில் எட்டு நாளாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்க்க விஸ்வலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

“அப்ப, யாரு கொளுத்தினது?”

குணவதி ஆனந்தராஜா பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அன்னைக்கு அவங்களைக் கோயில் வாசல்ல இறக்கிவிட்டது நீங்கதானே? பூக்காரக்கா பாத்திருக்காங்க.”

ஆனந்தராஜா வாயிலிருந்த சோற்றை மெல்லவில்லை.

“நாற்றுப் பண்ணையையும் பாத்துட்டோம்” என்றார் விஸ்வலிங்கம். “கொட்டையையும் பாத்துட்டோம். டாக்டரோட பாரத்துல சாப்பையும் பாத்துட்டேன். அவர் சொல்லித்தானே செஞ்சீங்க?”

அவன் சோற்றை விழுங்கினான்.

“புராஜெக்ட் மூடினா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்னாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் யாரும் இருக்கமாட்டாங்க, வெறும் ரூம்தானே எரியப்போகுதுன்னாரு. என்னை பெர்மனென்ட் ஆக்கறேன்னாரு.” அவன் விஸ்வலிங்கம் பக்கம் திரும்பினான். “அவ படியேறினா சார். நான் கண்ணால பாத்தேன். கோயில்ல இருக்கான்னு தெரிஞ்சுதான் நான் போனேன். பூசை முடிய ஒண்ணரை ஆகும். ஏன் திரும்பி வந்தா? எட்டு நாளா அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஏன் உள்ள போகல?”

குணவதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

யோகம்மாதான் சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

“அன்னைக்கு விளக்கை நான்தானே ஏத்தினேன்.”

அவன் அம்மாவைப் பார்த்தான். புரிய ஒரு நொடி ஆயிற்று.

யோகம்மா கையிலிருந்த சோற்றுருண்டையைத் தட்டில் வைத்தாள். தட்டை அவன் முன்னால் நகர்த்தினாள். எழுந்து முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே நீயே சாப்பிட்டுக்கோ” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையில் இருந்த வளையல்களை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனந்தராஜா தன்னுடைய இரண்டு வெள்ளைக் கட்டுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.